45 நாள் வேலை 5 மாதம் ஆனால்: வீட்டு மராமத்துத் தாமதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்பேட்டையில் 1987-ல் அப்பா கட்டிய வீட்டை 2023 ஆவணி பிறந்ததும் உடைக்க ஆரம்பித்தோம். இரண்டு பாத்ரூம், சமையலறை, ஹால் தரை, மொட்டை மாடி ஒழுகல், போர்ட்டிகோவுக்கு மேல் சின்னதாக ஒரு தளம், கடைசியில் பெயிண்ட். மேஸ்திரி சொன்ன கணக்கு 45 நாள். பொங்கல் முடிந்து மறுவாரம்தான் சாரக்கட்டைகள் வண்டி ஏறின. அதிலிருந்து சொந்தத்தில், ஆபீசில் யார் வீட்டில் மராமத்து என்றாலும் எனக்குப் போன் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எழுதி வைக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. ஐந்து மாதம் சிமெண்ட் தூசியோடு சோறு தின்றவள், அவ்வளவுதான்.

மேஸ்திரி 45 நாள் என்கிறார். உண்மையில் எத்தனை நாள்?

அவர் பொய் சொல்லவில்லை. எல்லா ஆளும் தினமும் வந்து, பொருளெல்லாம் வாசலில் இறங்கி, உடைத்த இடத்தில் புதுசாக எதுவும் கிளம்பாமல் இருந்தால் ஆகிற நாளைச் சொல்கிறார். அப்படி ஒரு வீடு இதுவரை கட்டப்படவில்லை. 45 வேலை நாள் என்றால் ஞாயிறை மட்டும் கழித்தாலே காலண்டரில் 52 நாள் ஆகிவிடும். அப்புறம் திருவிழா, மழை, கொத்தனார் வீட்டுக் காதுகுத்து.

என் கைக்கணக்கு இது: அவர் சொல்வதோடு பாதியைக் கூட்டுங்கள். பாத்ரூம் உடைக்கிறீர்கள் என்றால் இரட்டிப்பாக்குங்கள். பிள்ளைகள் பரீட்சை, ஊரிலிருந்து வருகிற விருந்தாளி, வாடகைக்கு எடுக்கிற வீடு எல்லாவற்றையும் இந்தக் கணக்கின்படி முடிவு செய்யுங்கள். மேஸ்திரியிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். 90 நாள் ஆனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறீர்கள் எனத் தெரிந்த நிமிஷமே அவருடைய கணக்கு 90-லிருந்து ஆரம்பிக்கும்.

புது வீடே ஆறேழு மாதத்தில் எழும்பிவிடுகிறது. பழைய வீட்டில் நாலு இடம் மாற்ற ஏன் இவ்வளவு இழுக்கிறது?

காலி மனையில் எதுவும் ஒளிந்திருக்காது. பழைய வீட்டில் ஒவ்வொரு சுவருக்குள்ளும் ஒரு ரகசியம் இருக்கும்.

எங்கள் வீட்டில் அது கீழ் பாத்ரூமில் வெளிப்பட்டது. டைல்ஸை மட்டும் மாற்றுவதாகத்தான் பேச்சு. இரண்டாம் நாள் பிளம்பர், பைப் திரும்புகிற இடத்தில் மாட்டுகிற எல்போ ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே முக்கால் இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்; உள்ளே துரு வளர்ந்து வளர்ந்து ஒரு பென்சில் நுழைகிற ஓட்டைதான் மீதி. "இதுல தண்ணி வந்ததே பெருசும்மா" என்றார். இருபது வருஷமாக ஷவரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவதற்கு நாங்கள் மாடித் தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதோடு அந்த வீட்டின் மொத்த பைப்பையும் சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றும் வேலை சேர்ந்தது. பைப் மாற்ற சுவர் வெட்ட வேண்டும், வெட்டினால் பூச வேண்டும், பூசினால் காய வேண்டும். ஒரு எல்போ எங்களுக்கு 16 நாள் செலவு வைத்தது.

இதேபோல் ஒளிந்திருப்பவை: சீலிங்கில் காரை பெயர்ந்த இடத்துக்குள் துருப்பிடித்த கம்பி, பாத்ரூம் பள்ளத்தில் நிரப்பிய செங்கல் சல்லியில் வருஷக்கணக்காகத் தேங்கிய ஈரம், எர்த் கம்பியே இல்லாத வயரிங், நிலைக்குப் பின்னால் கரையான். 1980-களில் கட்டிய வீடு என்றால் இவற்றில் குறைந்தது இரண்டு நிச்சயம் என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு ஒவ்வொரு இடத்தில் தட்டி உடைத்துப் பார்க்கச் சொல்லலாம். நாங்கள் செய்யாமல் விட்டது அதுதான்.

எந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதற்குச் சண்டை போட வேண்டும்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே உருப்படியானது இதுதான். சிமெண்ட் கேட்கிற நாளைக் கொடுத்தே ஆக வேண்டும். மனிதர் கேட்கிற நாளைத்தான் கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மூன்று நாள் ஆள் வராததை "பாவம், என்ன செய்வார்" என்று விட்டுவிட்டு, நாலாவது நாள் "சென்ட்ரிங் பலகையை எப்போ பிரிப்பீங்க?" என்று, கான்கிரீட்டைத் தாங்கி நிற்கிற பலகைக்காக நெருக்குகிறார்கள்.

கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கணக்கு வைத்திருக்கிறது. ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் தொடர்ந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கிற பி.பி.சி. (போர்ட்லாண்ட் போஸலானா) போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். அதை 14 நாளாக நீட்டினால் நல்லது என்றும் சொல்கிறது. தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டு, 4.5 மீட்டர் வரையான அகலத்துக்கு 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும். அதுவும் ஓ.பி.சி.க்குச் சொன்ன கணக்கு, பி.பி.சி. மெதுவாக இறுகுவதால் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் விட வேண்டும். எங்கள் போர்ட்டிகோ தளத்தின் மேல் பாத்தி கட்டி, அப்பா 14 நாளும் காலையிலும் மாலையிலும் ஹோஸ் பிடித்தார். அந்த நாட்களில் ஒரு வேலையும் நடக்காததுபோல்தான் இருந்தது. உண்மையில் வீட்டில் நடந்ததிலேயே முக்கியமான வேலை அதுதான்.

பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃபிங் அடித்த பிறகு அவுட்லெட்டை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். இதற்கு எல்லா மேஸ்திரியும் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் மறுபடி உடைப்புதான். புதுப் பூச்சு முழுக்கக் காய ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். ஈரச்சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு அப்பளமாக உப்பும்.

இவை தவிர எல்லாம் மனிதத் தாமதம்: ஆள் வரவில்லை, பொருள் சொல்லவில்லை, எலக்ட்ரீஷியனுக்கு முந்தின நாள் தகவல் போகவில்லை. இங்கே குரலை உயர்த்தலாம்.

மேஸ்திரி போனையே எடுப்பதில்லை. என்ன செய்வது?

அவர் இன்னொரு சைட்டில் இருக்கிறார். ஒரே சமயத்தில் மூன்று நான்கு வேலை ஓடினால்தான் அவருக்கும் கட்டுப்படியாகும். எந்த சைட்டில் இன்று பணம் கிடைக்குமோ, எங்கே ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே ஆட்கள் போவார்கள். "நாளைக்குக் கண்டிப்பா ஆள் வந்துரும்மா" என்று சொல்கிறபோது அவர் மனசார நம்பித்தான் சொல்கிறார்.

"எப்போ வருவீங்க?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், என்ன வேலை, அதுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் இருக்கணும்?" என்று மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள். பதில் தடுமாறினால் நாளை ஆள் இல்லை என்று அர்த்தம். நீங்களும் ஆபீஸ் போய்விடலாம். வாரச் சம்பளம் சனிக்கிழமை கைமாறுவதால், அந்த வாரத்தில் என்ன முடிய வேண்டும் என்ற பேச்சை வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் முறை இன்னும் எளிது. தினசரிக் காலண்டரில் அன்றன்று கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதி, குண்டூசியில் குத்தி வைப்பார். "கொ 2, சி 1. மதியம் 3-க்குப் போய்விட்டார்கள். டைல்ஸ் 4 பெட்டி உடைசல்." "யாரும் வரவில்லை. மழையும் இல்லை." ஒருநாள் மேஸ்திரி, ஆட்கள் தினமும் வந்ததாகச் சத்தியம் செய்தபோது, அப்பா ஒன்றும் பேசாமல் அந்தத் தாள் கட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். அக்டோபரில் 26 வேலை நாளில் 11 நாள் தாளில் "யாரும் வரவில்லை" என்றிருந்தது. சண்டையே வரவில்லை. அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

கொடுத்த பணம் செய்த வேலையைத் தாண்டி ஓடிவிட்டால் அன்றோடு உங்கள் பேச்சுக்கு மதிப்பு போயிற்று. முதலில் பத்தில் ஒரு பங்கு போதும். அப்புறம் உடைப்பு முடிந்தால் இவ்வளவு, பைப்பும் வயரிங் குழாயும் முடிந்தால் இவ்வளவு, பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று கட்டம் கட்டமாக. தேதி வைத்துப் பணம் பேசாதீர்கள், வேலை வைத்துப் பேசுங்கள். கடைசி பத்தில் ஒரு பங்கை எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தர வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. தீபாவளிக்கு முன்னால் கூலியாட்களுக்குச் சேர வேண்டியதைப் பாக்கி வைக்காதீர்கள். அது மேஸ்திரிக்கும் உங்களுக்கும் நடுவிலான கயிறு இழுப்பு இல்லை. தாராளமாக இனாமும் கொடுங்கள். திரும்பி வருவார்களா என்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எந்த மாதம் ஆரம்பித்தால் தாமதம் குறையும்?

சென்னை, செங்கல்பட்டு, கடலூர்ப் பக்கம் என்றால் தை, மாசி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதில் மொட்டை மாடி வேலையும் வெளிப்பெயிண்டும் வைத்துக்கொள்வது வாங்கிக் கட்டிக்கொள்கிற வினை. நாங்கள் ஆவணியில் ஆரம்பித்து, "மழைக்கு முன்னாடி முடிஞ்சிரும்" என்ற சொல்லை நம்பி, நேராக மிக்ஜாம் புயலில் போய் விழுந்தோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த பேய்மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, போர்ட்டிகோவில் அடுக்கிய 11 மூட்டை சிமெண்ட் கல்லாகப் போனது. தண்ணீர் வடிந்தும் ஆட்கள் வர பத்து நாள் ஆனது. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்ததே.

ஆடியில் புது வேலை ஆரம்பிக்கப் பலரும் தயங்குவதால் ஆள் கிடைப்பது கொஞ்சம் சுலபம். மராமத்துக்கு ஆடி பார்க்க வேண்டியதில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொன்னார்கள்; அம்மா கேட்கவில்லை. அந்த ஒரு மாதம் கைக்கு வந்திருந்தால் மாடி வேலை மழைக்கு முன் முடிந்திருக்கும். இதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆட்கள் எந்த ஊர் என்றும் கேட்டு வையுங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் ஆட்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போவார்கள். டைல்ஸ், பெயிண்ட் வேலைக்கு வருகிற பீகார்காரர்களுக்கு தீபாவளிக்கு ஆறாம் நாள் வருகிற சத் பூஜை பெரிது, போனால் மாதக்கணக்கு. தேர்தல் வருஷம் என்றால் தனிக்கணக்கு.

பொருள் வராததால் வேலை நிற்கிறது. அதை எப்படிச் சமாளிப்பது?

சில சமயம் சமாளிக்கவே முடியாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) இல்லாமல் வேலைகள் நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் மண் வேண்டாத வேலையை முன்னால் இழுக்கலாம்: வயரிங், மரவேலை, கிரில்.

மற்றபடி முக்கால்வாசி நம் கையில்தான் இருக்கிறது. டைல்ஸை அளவுக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே நேரத்தில் வாங்குங்கள். பெட்டியில் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் அச்சிட்டிருக்கும். ஹாலில் எங்களுக்குக் குறைந்தது ஆறே ஆறு டைல்ஸ். அதே ஷேடுக்காக மூன்று வாரம் காத்திருந்து, கிடைக்காமல், கடைசியில் சோபாவுக்கு அடியில் இருந்த ஆறைப் பெயர்த்து முன்னால் போட்டு, சோபாவுக்கு அடியில் வேறு ஷேடு போட்டோம். யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் நான் உட்காருகிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிகிறது.

யு.பி.வி.சி. (பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னலும் மாடுலர் கிச்சனும் இடத்தில் பூச்சு முடிந்து அளவெடுத்த பிறகுதான் பட்டறையில் தொடங்குவார்கள். ஆகவே அந்தப் பூச்சை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே இருந்துகொண்டு வேலை செய்யலாமா, வாடகைக்குப் போய்விடலாமா?

இரண்டு பாத்ரூம் இருந்து, ஒன்றை முழுசாக முடித்துவிட்டு மற்றதைத் தொடுவோம் என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டால் இருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் உடைத்தால் அவருக்கு லாபம், உங்களுக்குப் பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் அந்தத் தவறு நடந்து, 74 வயது அப்பா ஒன்பது நாள் மாடிக் குடித்தனக்காரர் பாத்ரூமுக்கு லுங்கியும் டார்ச்சுமாகப் படியேறினார். வயதானவர்கள், கைக்குழந்தை, வீசிங் உள்ளவர்கள் இருந்தால் மறுபேச்சில்லாமல் வெளியே போய்விடுங்கள். கிரானைட்டையும் டைல்ஸையும் வெட்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றி, வெளியே வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

இருப்பதென்றால் ஒரு அறையைப் பலி கொடுக்காமல் காப்பாற்றுங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி, வாசலில் பிளாஸ்டிக் ஷீட். படுக்கை, மருந்து, சர்ட்டிபிகேட், சார்ஜர் எல்லாம் அங்கே. சமையலுக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், நாலு தட்டு. அம்மா நாலு மாதம் பூஜை அறை வாசலில் பலகை போட்டுச் சமைத்தாள். முதல் வாரம் ரசம், துவையல் என்று ஓடியது. மூன்றாம் வாரத்தில் ஹோட்டல் பார்சல். ஐந்தாம் வாரத்தில் "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்துவிட்டாள். ஐந்து நாள் போய் வந்தாள். வந்த பிறகு வீட்டில் எல்லாருக்குமே கொஞ்சம் குரல் தணிந்திருந்தது. அதனால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு ஐந்து நாள் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள் என்கிறேன்.

தாமதத்துக்கு நாமும் காரணமா?

பெரும்பாலும். "இந்த ஸ்விட்ச்சை மட்டும் இங்க மாத்திருங்க" என்பது ஒரு வாக்கியம். சுவர் வெட்டி, பைப் வைத்து, பூசி, காய வைக்க நாலு நாள். ஸ்விட்ச், குழாய், டைல்ஸ் டிசைன் மூன்றையும் உடைப்புக்கு முன்பே சுவரில் சாக்பீஸால் வரைந்து முடிவு செய்யுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமே மேஸ்திரியிடம் பேச வேண்டும். காலையில் நான் ஒன்று சொல்ல, மதியம் அப்பா மாற்ற, மாலையில் என் கணவர் யூடியூபில் பார்த்ததைக் காட்ட, வாஷ்பேசின் மூன்று முறை இடம் மாறியது.

பாதியில் மேஸ்திரியை மாற்றலாமா?

கடைசி வழி அது. அடுத்தவர் செய்த வேலையைத் தொட வருகிறவர் முதலில் அதைக் குறை சொல்வார், பிறகு பாதியை உடைக்கச் சொல்வார், விலையும் கூட்டுவார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆளே வராமல், பணம் மட்டும் கேட்டால் மாற்றுங்கள். அதற்கு முன் எல்லா இடத்தையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, இதுவரை ஆன வேலை, கொடுத்த பணம் இரண்டையும் எழுதி அவருக்கே அனுப்புங்கள்.

எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது. தாமதத்துக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் 55-ம் பிரிவில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி: குறித்த காலத்தில் முடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனையாக இருந்தும், பிந்திச் செய்த வேலையை நீங்கள் சும்மா ஏற்றுக்கொண்டால், பிறகு அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்கும்போதே கேட்கப்போவதாகத் தெரிவித்திருக்க வேண்டும். ஆகவே கெடு தாண்டிய அன்று ஒரு வாட்ஸ்அப் செய்தி: "ஒப்பந்தப்படி இன்று முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தாமதத்துக்கான தொகையைக் கேட்கும் உரிமையோடுதான் வேலையைத் தொடரச் சம்மதிக்கிறேன்." நாளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், 74-ம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான்; நியாயமான அளவையே கோர்ட் தரும்.

நடைமுறையில் நுகர்வோர் ஆணையம் சுலபம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வக்கீல் வைக்காமல் நீங்களே பதியலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்கு உதவாது. விற்பனையோடு சம்பந்தமில்லாத மராமத்து அதன் வரம்புக்குள் வராது.

வீட்டில் கல்யாணம். தேதி மாற்ற முடியாது. வேலையோ பாதியில் நிற்கிறது.

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பாருங்கள்: ஒரு பாத்ரூம், ஹால் தரை, வாசல், விளக்கு. மீதியை நிறுத்திவிட்டு எல்லா ஆளையும் இந்த நாலில் போடச் சொல்லுங்கள். பெயிண்ட் ஒரு கோட் போதும். பந்தலும் சீரியல் லைட்டும் மற்றதை மறைத்துவிடும். சுவர் காயவில்லை என்றால் சுண்ணாம்பு மட்டும் அடித்து வையுங்கள், அது காற்று விடும்.

வேலை முடிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வது?

மேஸ்திரி சொல்கிற நாளில் இல்லை. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள், எல்லா பிளக்கிலும் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், பாத்ரூம் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நில்லுங்கள். டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கிற இடம் டொக் என்று சொல்லும். இந்தக் குறைப் பட்டியலோடு, நிறுத்தி வைத்த கடைசிப் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

எங்கள் பட்டியலில் 23 இருந்தது. 22 முடிந்தது. மாடிப்படி விளக்கின் ஸ்விட்ச் பிளேட் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்காக நிறுத்தி வைத்த ஐந்நூறு ரூபாய், அப்பாவின் காலண்டர் தாள் கட்டில் குண்டூசியோடு குத்தி இருக்கிறது. போன மாதம் மேஸ்திரியை ரேஷன் கடை வாசலில் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நாளைக்குக் கண்டிப்பா மாட்டிடறேன்மா."